எட்டும் தூரத்தில் இருந்த தண்ணீர்

என் வாய் காய்கிறது என்று முதலில் காட்டிக்கொடுத்தது வெற்றிலைதான். ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊர். நடவு வயலிலிருந்து மதியம் கரையேறியதும் பெண்கள் எல்லாரும் வெற்றிலை போடுவோம். மற்றவர்கள் வாய் சிவக்கும். என் வாயில் அது வைக்கோல் மாதிரிக் கிடக்கும்.

"ஒனக்கு செவக்கவே மாட்டேங்குதே, ஒம் புருஷனுக்கு ஆசை விட்டுப்போச்சுடி" என்று பக்கத்து வீட்டு மாரியாயி கிண்டல் செய்தாள். ரோஷத்தில் சுண்ணாம்பைக் கூட்டினேன். நாக்கு வெந்ததுதான் மிச்சம்.

பிறகு சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு கவளத்தையும் நீராகாரம் ஊற்றித் தள்ளினேன். கண்ணில் மணல் விழுந்தது போல் உறுத்தியது. பல் ஈறோரம் கறுத்து உதிர்ந்தது. உடம்புச் சூடு என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தேன். இதெல்லாம் ஒரே நோய் என்று யாருக்குத் தோன்றும்?

உங்களுக்கும் இப்படி இருந்தால் என்னைப் போல் தள்ளிப்போடாதீர்கள். எனக்குப் போனது பல் மட்டுமில்லை.

அப்போது கூலித் தகராறில் ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது. அறுப்பை மறித்ததாக என் கணவர் செல்லையனை ஜெயிலில் வைத்திருந்தார்கள். தெருவில் மற்ற ஆண்கள் கேசுக்குப் பயந்து ஊரை விட்டே போயிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான், பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருக்கும் கூலியாட்களுக்கே அந்த மனை சொந்தம் என்று சட்டம் வந்தது. எங்கள் குடிசை இருப்பது தன் மாட்டுக்கொட்டகை இடம், நாங்கள் நேற்று வந்தவர்கள் என்று பண்ணைக்குச் சொந்தக்காரரான மிராசுதார் சொல்லிவிட்டார்.

தாசில்தார் விசாரணைக்கு வந்தார். வீட்டின் சார்பில் நான்தான் பேசவேண்டும். எட்டாவது படித்தவள், தெருவில் எனக்கு வாயாடி என்றே பெயர். சொல்லவேண்டியதும் ஒரே ஒரு வாக்கியம்தான்: மாமனார் காலத்திலிருந்து இங்கேதான் இருக்கிறோம்.

மிராசுதாரின் களத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். வெளியே வெயிலில் வெகுநேரம் நின்ற பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். மேசை மேல் பித்தளைச் செம்பில் தண்ணீர், பக்கத்தில் மிராசுதார்.

"சொல்லும்மா, எவ்வளவு காலமா இங்க குடியிருக்கே?" என்றார் தாசில்தார்.

வாயைத் திறந்தேன். நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது.

"பாத்தீங்களா சார், பொய் சொல்ல வந்தா இப்படித்தான் வாயடைச்சுப் போவும்" என்றார் பண்ணையை மேற்பார்வை பார்க்கும் காரியக்காரர்.

தாசில்தார் கெட்டவர் இல்லை. "பயப்படாம சொல்லும்மா" என்று மறுபடியும் கேட்டார். நான் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிராசுதார் கண்ணெதிரில் எங்கள் தெருக்காரர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. தாகமெடுத்தால் வாய்க்கால் மறைவுக்குப் போய்க் கையால் அள்ளிக் குடித்துவிட்டு வரவேண்டும். அப்படியே வளர்ந்தோம். கோட்டையில் ஆட்சி மாறியிருந்தது, மேடைதோறும் சுயமரியாதை பேசினார்கள், நானும் கைதட்டியவள்தான். ஆனால் கை செம்பின் பக்கம் நகரவில்லை.

மனை போயிற்று. வாய்க்கால் கரையில் ஓலை கட்டிக்கொண்டோம்.

ஜெயிலிலிருந்து வந்த செல்லையன் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. "ஊரையே வாயால அளப்பியே. அன்னிக்கு ஒரு வார்த்த வரலியா ஒனக்கு?" என்றார். நான் பயந்துவிட்டேன் என்றே நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்போடுதான் அவர் அதே கரையில் செத்துப்போனார்.

கடைசிப் பற்களும் ஆடத் தொடங்கிய பிறகுதான் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "ஒரு பொட்டு ஈரமில்லையே, எப்படிம்மா பேசுறீங்க?" என்றார். கண்ணிமையில் காகிதத் துண்டைச் செருகி, எவ்வளவு நனைகிறது என்று பார்த்தார்கள். உதட்டின் உட்புறத்தில் துளி சதை எடுத்துச் சோதித்தார்கள்.

சில மாத்திரைகளாலும், சர்க்கரை நோயாலும், புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர் சிகிச்சையாலும் வாய் வறளுமாம். எனக்கு அவை எதுவும் இல்லை. கிருமியைத் தாக்கவேண்டிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் (எச்சில் ஊறும் இடங்கள்) கண்ணீர்ச் சுரப்பிகளையும் அழித்திருந்தது. முற்றிலும் குணமாகாது என்றார்.

எப்போதிலிருந்து என்று கேட்டார். வெற்றிலையையும் சொன்னேன், விசாரணையையும் சொன்னேன்.

"அது பயம் இல்லம்மா, நோய். ஒரு வாய் தண்ணி குடிச்சிருந்தா பேசியிருப்பீங்க. பக்கத்துல தண்ணி இல்லையா?"

"இருந்துச்சும்மா."

"அப்புறம் ஏன் குடிக்கல?"

டவுனில் வளர்ந்த அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வேன்? நடைபாதைக்கு வந்து சுவரில் சாய்ந்து அழுதேன். கண்ணீர் வரவில்லை, கண் எரிந்தது. எனக்குக் கோபம் டாக்டர் மேல் இல்லை. இதைக் கேட்க செல்லையன் இல்லையே என்றுதான் அழுகை.

வெற்றிலை, புகையிலையை விட்டேன். சாப்பிட்டதும் உப்பு நீரில் கொப்பளிக்கிறேன். ஊறட்டும் என்று புளியையும் எலுமிச்சையையும் வாயில் அடக்காதீர்கள், மிச்சமிருக்கும் பல்லையும் அது தின்றுவிடும். சோற்றில் ரசமோ மோரோ நிறைய ஊற்றிப் பிசையுங்கள். பிற்பாடு, எச்சிலைத் தூண்டும் மாத்திரை ஒன்று கொடுத்தார்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் கொஞ்சம் ஊறும்.

எல்லாவற்றுக்கும் மேல், அடிக்கடி ஒரு மடக்குத் தண்ணீர். பஸ்ஸில், ஆபீசில், யார் எதிரில் என்றாலும் குடிக்கிறேன். கேள்வி கேட்டவர் காத்திருக்கட்டும். என் பொழுது மடக்கு மடக்காகத்தான் நகர்கிறது. ஒரு மடக்கு விழுங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரிவது போல் யாருக்கும் தெரியாது. அவ்வளவு நேரத்தில்தான் எங்கள் மனை போனது.

தினமும் விடிந்ததும் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக் கிடக்கும். தலைமாட்டுச் செம்பிலிருந்து ஒரு மடக்கு குடித்து அதைப் பிரிப்பேன். பிரிந்ததும் முதலில் வருவது அந்த வாக்கியம்தான். வீட்டில் யாரும் இல்லை. சுவரில் செல்லையன் படம் மட்டும் இருக்கிறது. அதைப் பார்த்துச் சத்தமாகச் சொல்கிறேன்:

"எங்க மாமனார் காலத்துலேருந்து இங்கதான் சார் இருக்கோம்."