லுவான் கேட்காத மாநாடு

சீனாவும் ஐரோப்பாவும் ஒன்றையொன்று புரிந்துகொள்வதற்காக எங்கள் லோங்வான் துறைமுகத்தில் ஆண்டுதோறும் ஒரு மாநாடு நடக்கும். மந்திரிகள், வங்கித் தலைவர்கள், கப்பல் கம்பெனிக்காரர்கள் என்று ஒரு பெரும்படையே வந்து இறங்கும். சுங்க வரி, முதலீடு, ஏற்றுமதி என்று பகலெல்லாம் பேசுவார்கள். அவர்கள் புரிந்துகொண்டார்களோ இல்லையோ, அந்தப் புரிதலுக்காக ஈரல் கெட்டுப்போனது லுவான் பாவ்சாங் என்ற ஒரு மனிதருக்கு. மாநாடு தொடங்கிய ஆண்டிலிருந்து அவர் அதில் வேலை பார்த்தார். ஆனால் அரங்கத்தில் பேசிய ஒரு பேச்சைக்கூட அவர் கேட்டதில்லை.

அவரை வேலைக்கு எடுத்தது பேச்சைக் கேட்கத்தான். ஜினான் நகரத்தில் ஜெர்மன் மொழி படித்து முடித்துவிட்டு, மாநாட்டுச் செயலகத்தில் இரண்டாம் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. முதல் மாநாட்டுக்காக மாதக்கணக்கில் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினார். குளிக்கும்போதுகூடக் கப்பல் சரக்குச் சொற்களை முணுமுணுத்தார். "இந்த மனுஷன் தண்ணியையும் ஜெர்மன்லதான் ஊத்திக்கிறாரு" என்று அவர் மனைவி குய்லான் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

மாநாட்டுக்கு முந்தின நாள் வரவேற்பு விருந்து. எங்கள் ஷான்துங் மாகாணத்தில் விருந்து என்றால் சும்மா இல்லை. விருந்து கொடுப்பவர் முதலில் கோப்பையைக் காலி செய்ய வேண்டும். அப்புறம்தான் விருந்தாளி வாயில் வைப்பார். ஒரு சுற்றில் முடியாது, ஒவ்வொரு விருந்தாளிக்கும் தனித்தனியாக மரியாதை செய்தாக வேண்டும். விருந்து கொடுத்தவர் செயலகத்தின் தலைவர் தெங். நல்ல பேச்சாளர், ஆனால் சாராயம் என்றால் மூன்றாவது கோப்பையிலேயே காது சிவந்துவிடும். வந்திருந்த ஜெர்மன் கப்பல் பட்டறை முதலாளி ரைனெக்கேயோ பீப்பாய் மாதிரி இருந்தார். நான்காவது கோப்பை வந்தபோது தெங் கை நடுங்கியது. பின்னால் நின்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்த லுவானிடம் கோப்பையை நீட்டினார்.

"சின்ன லுவான், எனக்காக இதைக் குடிச்சிடு. ஒரு ராத்திரிதானே."

எங்கள் பக்கத்தில் இளையவர்களைக் குடும்பப் பெயருக்கு முன்னால் 'சின்ன' சேர்த்து அழைப்பது வழக்கம். லுவான் குடித்தார். அடுத்ததையும் குடித்தார். மேசை முழுவதற்கும் தெங் பெயரில் குடித்துவிட்டு, நாக்கு குழறாமல், வினைச்சொல் ஒன்று தவறாமல், மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். ரைனெக்கே எழுந்து வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். லுவானுக்குக் கெட்ட காலம் அந்த அணைப்பில்தான் பிடித்தது.

மறுநாள் காலை லுவான் புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு அரங்கத்துக்குப் போனார். தெங் வாசலிலேயே மறித்தார். "உனக்கு ரூம் போட்டிருக்கேன். மேல போய்ப் படு. ராத்திரி விருந்துக்கு நீ தெம்பா இருக்கணும். அரங்கத்துல பேச ஆயிரம் பேர் கிடைப்பாங்க."

அன்றிலிருந்து அதுதான் முறையாகிவிட்டது. மாநாட்டு நாட்களில் மதியம் சமையலறையிலிருந்து ஒரு தட்டு நிறையக் கொழுப்புள்ள பன்றிக்கறியும் ஆவியில் வெந்த ரொட்டியும் மேலே போகும். சாராயம் குடலைச் சுடாமலிருக்க முதலிலேயே போடும் மெத்தை அது. சாப்பிட்டுவிட்டு லுவான் திரையை இழுத்துவிட்டுப் படுப்பார். கீழே ஐரோப்பாவும் சீனாவும் கைதட்டும் சத்தம் தரை வழியாக லேசாக வரும். யார் என்ன சொன்னதற்குக் கைதட்டுகிறார்கள் என்று முதல் சில ஆண்டுகள் யோசித்தார். பிறகு தூங்கப் பழகிவிட்டார்.

விருந்துகளில் தெங்குக்குத் தாராள மனசு என்று பெயர் வந்தது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அந்தத் தாராளம். ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின, தெங் செல்வாக்கில் படிப்படியாக ஏறினார். லுவானை வீட்டில் கொண்டுவந்து போட இரண்டு டிரைவர்கள் வேண்டியிருந்தது. குய்லான் மகள் வென்சியைத் தூங்கவைத்துவிட்டு, வாளியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

"வென்சி அப்பா, ஒண்ணு கேக்கறேன். அந்த வெள்ளைக்காரனுக்கு ஈரல் இல்லையா? உங்க தலைவருக்கு இல்லையா? ஊர்ல உங்களுக்கு மட்டும்தான் ஈரல் வச்சுப் படைச்சிருக்கானா?"

"வேலைடி."

"எது வேலை? வாந்தி எடுக்கறதா?"

ஒருமுறை, பெரிய ஒப்பந்தம் ஒன்று முடிந்த இரவு, தெங்கே அவரை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார். லுவானின் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். "சின்ன லுவான், நான் மறக்கமாட்டேன். நாளைக்கு உன் பொண்ணு கல்யாணத்துல நீ குடிக்க வேண்டிய கோப்பை ஒவ்வொண்ணையும் நான் வாங்கிக் குடிப்பேன். இது சத்தியம்." லுவான் இதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் மனசில் ஒரு மூலையில் பத்திரமாக வைத்திருந்தார். அவருக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அதுதான்.

ஜெர்மன் அவரை விட்டுப் போனது எப்போது என்று அவருக்கே தெரியாது. ஓர் ஆண்டு லிஃப்டில் ரைனெக்கே தனியாக மாட்டினார். மனிதர் இளைத்திருந்தார், மனைவி இறந்துவிட்டாளாம். ஏதோ நீளமாகச் சொன்னார். லுவானுக்குப் பாதிதான் புரிந்தது. ஆறுதலாக ஒரு வாக்கியம் சொல்ல வாயைத் திறந்தார். 'உங்கள் உடல்நலத்துக்காக', 'நம் நட்புக்காக' என்ற விருந்துச் சொற்களைத் தவிர நாக்கில் ஒன்றும் எழவில்லை. மனைவியை இழந்தவனிடம் உடல்நலத்துக்காக என்று சொல்ல முடியுமா? லிஃப்ட் கதவு திறக்கும்வரை தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். அன்று பட்ட வெட்கம் அவருக்குக் கடைசிவரை போகவில்லை.

அவருடைய பழைய ஜெர்மன் புத்தகங்களை மகள் வென்சி எடுத்துக்கொண்டாள். அப்பனுக்குப் போனது மகளுக்கு வந்தது. பெண் ஜெர்மனைத் தண்ணீராகப் பேசினாள். ஆனால் அப்பனிடமிருந்து இன்னொன்றும் அவளுக்கு வந்திருந்தது. பதினெட்டு வயதில் ஒரு வசந்தத் திருவிழாவில், மாமன் விளையாட்டுக்கு ஊற்றிக்கொடுத்ததை வரிசையாகக் குடித்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்து எல்லோருக்கும் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். மாமன் கைதட்டினான். லுவான் புட்டியை மூடி எடுத்து வைத்தார். அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இது யாருக்கும் தெரியக் கூடாது. எவன் கேட்டாலும் எனக்கு ஒத்துக்காது, உடம்பு தடிச்சுப் போயிடும்னு சொல்லு. ஒரு சொட்டுகூடத் தொடாத."

"ஏம்பா?"

"தெரிஞ்சா உன்னைத் தூங்க வச்சிருவாங்க."

அவளுக்கு அப்போது புரியவில்லை. ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அதே செயலகத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தாள். விருந்துகளில் ஆரஞ்சுச் சாறு குடித்தாள். அரங்கத்தின் பின்பக்கத்தில் இருக்கும் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, ஐரோப்பியர் பேசப் பேசச் சீனத்தில் சொன்னாள். அவள் குரல் ஹெட்போன் வழியாக நூற்றுக்கணக்கான காதுகளுக்குப் போனது. அதை நினைக்கும்போதெல்லாம் லுவான் தன் வாழ்க்கை வீண்போகவில்லை என்று சொல்லிக்கொள்வார். அந்த நேரத்தில் அவர் மாடியில் படுத்திருந்தார் என்பது வேறு விஷயம்.

ஐம்பது வயதில் ஈரல் கைவிட்டது. இன்னும் குடித்தால் ஆளே இருக்கமாட்டீர் என்றார் டாக்டர். செயலகம் அவசர அவசரமாக ஓய்வு கொடுத்து அனுப்பியது. வென்சி அப்பாவின் தோளைப் பிடித்துச் சொன்னாள், "நல்லதாப் போச்சுப்பா. இந்த வருஷம் நீங்க அரங்கத்துல வந்து உக்காருங்க. தொடக்க உரையைக் கூண்டுலேருந்து நான்தான் சீனத்துல சொல்றேன். ஹெட்போனைப் போட்டுக்கிட்டு என்னை மட்டும் கேளுங்க." லுவான் பழைய கோட்டை வெளியே எடுத்து வெயிலில் போட்டார். இனி வாழ்க்கையில் அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மாநாட்டுக்கு மூன்று வாரம் முன்னால் வென்சியின் கல்யாணம் வந்தது. சம்பந்தி பழைய மீன்பிடிப் படகுக்காரர், கடல்காற்றில் வளர்ந்த தொண்டை. பெண்ணின் தகப்பனும் மாப்பிள்ளையின் தகப்பனும் எழுந்து நின்று மூன்று கோப்பை குடிக்காவிட்டால் கல்யாணமே கல்யாணமில்லை என்கிற ஆள். கோப்பைகளை நிரப்பிக்கொண்டு நேராக வந்து நின்றார்.

"சம்பந்தி, உங்க பேரு கரையெல்லாம் தெரியும். வெள்ளைக்காரனையே சாய்ச்சவராமே. என்னைச் சாய்ங்க பாப்போம்."

"அவருக்கு உடம்பு சரியில்லைங்க" என்றாள் குய்லான்.

"மூணே மூணு. இதுக்கு உடம்பென்ன செய்யும்? என் வீட்டுக்குப் பொண்ணு குடுக்க இஷ்டமில்லைன்னா நேரா சொல்லிடுங்க."

மாப்பிள்ளை எழுந்தான். "நீ என் கட்சிடா, உக்காரு" என்று அப்பன் அதட்டினார். லுவான் முதல் வரிசை மேசையைப் பார்த்தார். அங்கே கதவைப் பார்த்த மரியாதை இடத்தில் தெங் உட்கார்ந்திருந்தார். வயதானாலும் கன்னம் பளபளவென்றிருந்தது. ஈரல் நன்றாக இருக்கிற மனிதரின் கன்னம். எழுந்திருப்பார் என்று லுவான் காத்திருந்தார். சத்தியம் செய்தவர் ஆயிற்றே.

தெங் எழுந்திருக்கத்தான் செய்தார், கையில் தேநீர்க் கோப்பையோடு. "லுவான், நானும் விட்டுட்டேன்பா. லேசா சர்க்கரை இருக்காம், டாக்டர் பயமுறுத்தறார். மனசார வாழ்த்தறேன்." ஒரு மடக்குத் தேநீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான் அந்தப் பதக்கம்.

லுவான் கோப்பையை எடுத்தார். போனால் போகட்டும், பெண் கல்யாணத்தில்தானே போகிறது என்று நினைத்தார். உதட்டருகே போன கோப்பையை யாரோ பிடுங்கினார்கள். சிவப்புப் பட்டு உடுத்திய மணப்பெண். ஒரே வாயில் குடித்தாள். இரண்டாவதையும் மூன்றாவதையும் குடித்தாள். சம்பந்தி வாயைப் பிளந்துகொண்டு ஊற்றியதை எல்லாம் குடித்தாள். கடைசியில் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, முகம் சிவக்காமல், கை நடுங்காமல், கலங்கிப்போயிருந்த அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

மண்டபம் கைதட்டியது. லுவான் மகளைப் பார்க்கவில்லை, தெங்கைப் பார்த்தார். தெங் தேநீரைக் கீழே வைத்துவிட்டு வென்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை லுவான் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறார், கோப்பை தன் கைக்கு வந்த அந்த முதல் விருந்தில்.

"ஒத்துக்காதுன்னு சொன்னியேம்மா" என்று தெங் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். "இத்தனை நாளா உன்னைக் கூண்டுக்குள்ள அடைச்சு வீணாக்கிட்டோமே. சின்ன லுவான்."

லுவான் பழக்கதோஷத்தில் திரும்பினார். அவரைக் கூப்பிடவில்லை.

மாநாட்டு நாளில் கோட்டு தோளில் தொளதொளவென்று நின்றது. கடைசி வரிசையில் ஓர் இடம் கொடுத்தார்கள். விளக்கு மங்கியது, மேடையில் ஓர் ஐரோப்பிய மந்திரி பேசத் தொடங்கினார். லுவான் கண்ணை மூடி ஹெட்போனைக் காதில் வைத்தார். ஓர் ஆண்குரல் வந்தது. பொத்தானைத் திருகிப் பார்த்தார். மற்ற மொழிகள் எல்லாம் வந்தன. மகள் வரவில்லை.

ஹெட்போன் கொடுக்கும் பெண்ணிடம் போய்க் கேட்டார்.

"வென்சி அக்காவா? மேல தூங்கறாங்க ஐயா. தலைவர்தான் ரூம் போட்டுக் குடுத்தாரு. ராத்திரி விருந்துக்கு ஏதோ பெரிய குடிகாரங்க வர்றாங்களாம்."

தெங் அரங்க வாசலில் நின்றிருந்தார். லுவான் அவர் முன்னால் போய் நின்றார். என் மகளை விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். எல்லோர் காதிலும் விழும்படி கத்தியிருக்க வேண்டும். தெங் அவர் தோளைத் தட்டினார்.

"முகத்தை ஏன் இப்படி வச்சிருக்க? ஒரு ராத்திரிதானேப்பா."

"சரிங்க" என்றார் லுவான். இத்தனை காலம் சொல்லிச் சொல்லி, ஜெர்மன் போன நாக்கில் இந்த ஒரு சொல் மட்டும் துரு ஏறாமல் இருந்தது. அதற்காக அவர் தன்னை மன்னிக்கவே இல்லை.

பிறகு கால் தானாகச் சமையலறைக்குப் போனது. பழைய சமையல்காரர் ஒரு தட்டில் கொழுப்புக் கறியையும் ரொட்டியையும் வைத்துக் கொடுத்தார். லுவான் அதை ஏந்திக்கொண்டு மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினார். வென்சி திறந்தாள். அறைக்குள் திரை இழுத்து விட்டிருந்தது. கீழேயிருந்து கைதட்டல் சத்தம் தரை வழியாக வந்தது.

"ஒரு ராத்திரிதான்னு சொன்னாருப்பா" என்றாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள், "கீழ யாரு பேசறாங்க? நல்லாப் பேசறாங்களா?"

"கேக்கலம்மா. கழட்டி வச்சிட்டு வந்துட்டேன்." தட்டை அவள் முன்னால் வைத்தார். "வெறும் வயித்தோட போகாத. கொழுப்பை ஒதுக்காமச் சாப்பிடு, அதுதான் தாங்கும்."