சண்டை எடுக்கத் தெரியாதவர்

அந்த இயக்குநருக்குச் சண்டைக் காட்சி எடுக்கத் தெரியாது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். எல்லோரும் என்று எழுதியது சரியில்லை. அப்பா நம்பினார், அம்மா நம்பினாள், வந்துபோன உறவினர்கள் நம்பினார்கள். தம்பிக்கும் எனக்கும் உண்மை தெரியும்.

அவருடைய முதல் படத்துக்காகக் குற்றாலத்தில் சில நாட்கள் படப்பிடிப்பு நடந்தது. ஐந்தருவிக்குப் போகும் பக்கம் ஒரு தனியார் தோட்டம். அதற்குள் ஓடும் ஓடையில் உயரமான பாறை. அதன் அடியில், தண்ணீர் ஆழம் தெரியாமல் கறுத்துத் தேங்கிக் கிடக்கும் கசம். அடியாட்கள் துரத்தி வர, கதாநாயகன் பாறையிலிருந்து கசத்துக்குள் குதிக்க வேண்டும். அவருக்கு டூப் போட வந்தவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அதே உடல்வாகுள்ள உள்ளூர் ஆளைத் தேடியபோது தம்பி முன்வந்தான்.

அப்பா தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். காவல்துறைத் தேர்வில் தம்பி ஓட்டத்தில் தோற்றுத் திரும்பியதை அவரால் ஜீரணிக்க முடிந்ததில்லை. படத்தில் குதிக்கப் போகிறான் என்றதும் தெருவெல்லாம் சொல்லிவிட்டார். "குத்தாலத் தண்ணியில வளந்த பயலுக்கு என்ன பயம்?" என்றார். மூட்டுவலியால் அவரால் மேடேற முடியவில்லை. சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்து என்னை அனுப்பிவைத்தார்.

எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்யும் தவறு அது. தண்ணீரோடு பிறந்தவர்கள் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. உண்மையில் நாங்கள் பழகியதெல்லாம் தலைமேல் வந்து விழும் தண்ணீரை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அருவியின் கீழ் நிற்பதற்கும், காலுக்குக் கீழே இருண்டு கிடக்கும் தண்ணீருக்குள் குதிப்பதற்கும் தொடர்பே இல்லை.

அன்று சாரல் விடாமல் அடித்தது. பாறை முழுவதும் பாசி. கதாநாயகனின் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறிய தம்பி, விளிம்பில் நின்று கீழே பார்த்தான். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டான். இரண்டு கைகளாலும் பாறையைப் பற்றிக்கொண்டு அவன் பின்னால் நகர்வது கீழே நின்ற எனக்குத் தெரிந்தது. இயக்குநர் தாமே பாறைமேல் ஏறிப்போய் அவன் அருகில் உட்கார்ந்தார். ஏதோ பேசினார், ஓடைச் சத்தத்தில் கேட்கவில்லை. பிறகு எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இந்த ஷாட் எனக்குச் சரியா வரல. நான் யோசிச்சதுதான் தப்பு. பேக்கப்!"

சண்டைப் பயிற்சியாளர் தோளில் கிடந்த துண்டை உதறினார். "ஒண்ணும் தெரியாமப் படம் எடுக்க வந்துடுறாங்க" என்று இயக்குநரின் காதுபடவே சொன்னார். இயக்குநர் தலையைக் குனிந்துகொண்டு இறங்கி வந்தார். திரும்பும் வழியில் தம்பி என்னிடம் சொன்னான்: "பயமா இருந்தா வேண்டாம் தம்பி, நான் பாத்துக்கிறேன்னு சொன்னாரு அக்கா."

வாசலிலேயே காத்திருந்த அப்பா, "குதிச்சியாலே?" என்று கேட்டார்.

"நான் ரெடியாத்தான் நின்னேன்ப்பா. அந்தாளுக்கு எடுக்கத் தெரியல."

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை, ஆசைதான் இருந்தது. "ஆமாப்பா" என்றேன்.

படம் ஓடவில்லை. சண்டைகளில் உயிரில்லை என்று எழுதினார்கள். அப்பா அந்த விமர்சனங்களையும் தம்பியின் கதையையும் சேர்த்தே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இயக்குநருக்கு அடுத்த படம் கிடைக்கவே பல வருடங்கள் ஆயின. எங்கள் சொல் சென்னைவரை போயிருக்காது என்று நான் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு. அந்தச் சமாதானம் நிலைக்கவில்லை.

தம்பி இப்போது தென்காசியில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறான். ஒரு பெரிய நடிகரின் ரசிகர் மன்றத்துக்கு நகரச் செயலாளராகவும் இருந்தான். டூப் போட்டவன் என்ற மரியாதைக்குக் கிடைத்த பதவி அது. அந்த நடிகரின் அதிரடிப் படத்தை அதே இயக்குநர் எடுக்கிறார் என்று அறிவிப்பு வந்தபோது, நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் விட்டு வந்து கடையில் உட்கார்ந்திருந்தேன். அதைக் கொண்டாட வைக்கும் ஃப்ளெக்ஸில் இயக்குநரின் படத்தைப் போடலாமா என்று மன்றத்தார் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எடுத்ததே ரெண்டு படம். அதுலயும் ரெண்டாவதுல கல்யாணப் பந்தியும் அழுகையும்தான் லே. இவன் கையிலயா நம்ம அண்ணனைக் கொடுக்கது?"

"பந்தியில சண்டை வராதாக்கும்? அப்பளத்துக்கு மண்டைய உடைச்ச ஊரு வே இது!"

"அனுபவம் அனுபவம்னா, மொத நாளு ஆட்டோ ஓட்டும்போது உமக்கு இருந்துச்சாவே?"

"இல்லதான். அதனாலதான் சொல்லுதேன். அன்னைக்கு வண்டியக் கொண்டு நேரா வாய்க்காலுக்குள்ள விட்டேன்."

கடைசியாகச் சொன்னவர் அவர்களுள் கலகலப்பான ஆட்டோக்காரர், இரண்டு பெண்பிள்ளைகளின் தகப்பனார். சிரிப்பு அடங்கியதும் ஒருவர் தம்பியிடம் திரும்பினார். "அண்ணாச்சி, நீங்க அந்தாளு கூட வேலை பாத்தவரு. நீங்களே சொல்லுங்க."

தம்பி என் பக்கம் பார்க்காமல் பாறைக் கதையைச் சொல்லி, 'அந்தாளுக்கு எடுக்கத் தெரியல' என்ற பழைய வாக்கியத்தோடு முடித்தான். நான் ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அப்ப முடிஞ்சுது. ஃப்ளெக்ஸ்ல அவன் மூஞ்சி கிடையாது" என்றார்கள். ஆட்டோக்காரர் அதோடு விடவில்லை. "அந்தப் பாறை இப்பவும் அங்கனதானே இருக்கு? நாளைக்குப் போவோம். நான் குதிக்கேன், நீங்க வீடியோ எடுங்க. 'டைரக்டர் சார், இதுக்கா பயந்தீரு?'ன்னு போட்டு அவனுக்கே டேக் பண்ணுவோம்."

கடை முழுக்க விசில். மலையில் மழை கொட்டி, அருவிகளில் குளிக்கத் தடை போட்டிருந்த வாரம் அது.

"உமக்கு நீச்சல் தெரியுமாவே?" என்று தம்பி கேட்டான்.

"குத்தாலத் தண்ணியில வளந்தவன்கிட்ட கேக்க கேள்வியா அண்ணாச்சி இது?"

அப்பாவின் அதே வார்த்தை. தம்பி கணினியை விட்டு எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தான். "வேண்டாம்யா. அன்னைக்குப் பயந்தது அவரு இல்ல. நான். கால் நடுங்கி உக்காந்துட்டேன். என்னைக் காப்பாத்தத்தான் அவரு பழியத் தன்மேல போட்டுக்கிட்டாரு."

யாரும் நம்பவில்லை. ஆட்டோக்காரரை நிறுத்துவதற்காகச் சொல்லும் கதை என்றே எடுத்துக்கொண்டார்கள். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "நெசம்தான். நான் அங்கன நின்னு பாத்தேன்."

எல்லோரும் தம்பி பக்கம் திரும்பினார்கள். "டூப்பு போட்டேன்னு சொன்னீரே, இத்தனை வருஷமா எங்களுக்குல்லாவே போட்டிருக்கீரு?" என்றார் ஒருவர். அந்த 'அண்ணாச்சி' அன்றே காணாமல் போய்விட்டது. மறுநாள் பாறைக்கு யாரும் போகவில்லை. செயலாளர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. ஃப்ளெக்ஸ் கடையநல்லூரில் அடிக்கப்பட்டது. அதிலும் இயக்குநரின் முகம் இல்லை.

ட்ரெய்லர் வந்த அன்று, அதன் கீழே குவிந்த வசைகளுக்கு நடுவே தம்பி நடந்ததை எழுதினான். காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறான் என்று முகம் தெரியாத ஒருவர் பதில் போட்டார். அதற்குமேல் எவரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. இயக்குநரின் கண்ணில் பட்டிருக்கும் என்று நம்பவும் எனக்கு உரிமையில்லை. பொய் ஊர் முழுக்கப் பரவுவதற்கு ஒரு 'ஆமாப்பா' போதுமாக இருந்தது. அதைத் திரும்ப வாங்க எங்களுக்கு வழி தெரியவில்லை.

அப்பா மறைந்து இரண்டு வருடமாகிறது. அவரிடம் சொல்லியிருந்தால் மகனை மன்னித்திருப்பாரா என்று தம்பி ஒருமுறை என்னிடம் கேட்டான். மன்னித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் என் 'ஆமாப்பா'வுக்குத் தேவையே இருந்திருக்காது.

படம் இந்த வெள்ளிக்கிழமை வருகிறது. கடையில் இப்போது மாலை நேரக் கூட்டம் இல்லை. தம்பி இருக்கிறான், நான் இருக்கிறேன். ஆட்டோக்காரர் மட்டும் சவாரிக்கு நடுவே வந்து, எங்களோடு உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போகிறார்.