ஃபுளூ வந்த வருஷம் என் அறைத்தோழன்

ஐம்பத்தேழில் ஃபுளூ காய்ச்சல் பரவியபோது நான் புதுக்கோட்டையில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். ஹாஸ்டலில் என் அறைத்தோழன் ஆவுடையார்கோவில் பக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளை. அவன் ஊரிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். வாயைத் திறந்தால் கேலிதான். மெஸ்ஸில் அவன் உட்காரும் வரிசையில் இடம்பிடிக்கப் போட்டியே நடக்கும்.

ஒரே வாரத்தில் பாதி ஹாஸ்டல் படுத்துவிட்டது. கல்லூரிக்கு லீவு விட்டாயிற்று, எல்லோரும் ஊருக்குக் கிளம்புங்கள் என்றார் வார்டன். அவனுக்கு அன்று காலையிலிருந்தே உடம்பு கொதித்தது.

"ரெண்டு நாள் இங்கயே கெடந்துட்டுப் போறேன்டா."

"இங்கிட்டு யாரு ஒனக்குக் கஞ்சி வைப்பா? ஒங்க ஆத்தா பாத்துக்குவாங்க, கெளம்பு."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவனை பஸ்ஸில் ஏற்றிவிட்டவன் நான்தான்.

கல்லூரி திறந்து பத்து நாள் கழித்து வந்தான். "தங்கச்சி போயிருச்சு" என்றான். ஒன்பது வயதுப் பிள்ளை. இவன் எழுந்து உட்கார்ந்த அன்று அது படுத்திருக்கிறது. ஐந்தாம் நாள் மூச்சு முட்டி அடங்கிவிட்டது.

அதன்பின் தட்டை எடுத்துக்கொண்டு போய் வராந்தாவில் தனியாகச் சாப்பிட்டான். யாராவது பக்கத்தில் வந்தால் நகர்ந்துகொள்வான். புத்தகம் மடியில் விரிந்திருக்கும், பக்கம் புரளாது. ஒருநாள் குளித்துவிட்டு வரும்போது கேட்டான்:

"நாந்தானே கொண்டுபோய்க் குடுத்தேன்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. பரீச்சை வருது, அதப் பாரு" என்றேன்.

பரீட்சையில் நம்பரை மட்டும் எழுதிவிட்டு வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு எழுந்து போனான். திமிர் என்றார் ஒரு ஆசிரியர். பைத்தியம் என்றார்கள் பையன்கள். அந்த இரண்டைத் தவிர வேறு வார்த்தை எங்களிடம் இல்லை.

அவனுடைய அப்பா வந்து துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தார்.

"நாங்க யாரும் அவன ஒரு வார்த்த சொல்லல தம்பி. ஊரு பூராத்தான் காச்சல் கெடந்துச்சுன்னு அவங்க ஆத்தாளும் சொல்லிப் பாத்துட்டா. காதுல ஏறல."

அவனை அனுப்பியது நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் இருவரோடும் பஸ் வரை போனேன்.

வேலை கிடைத்தபின் அவன் ஊருக்குப் போனேன். வயலில் நின்றான். கரையேறி வந்து, மோர் வாங்கிக் கொடுத்தான். மழையைப் பற்றிப் பேசினான், கண்மாய்த் தண்ணீரைப் பற்றிப் பேசினான். கல்லூரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வரப்பில் நடக்கும்போது சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு ஒன்னக் கட்டாயப்படுத்தி ஏத்திவிட்டது நாந்தான்டா."

நின்று என்னைப் பார்த்தான்.

"நீ சொன்னியா? எனக்கு ஞாபகமில்ல. காச்சலோட போனது நான்."

அவன் குற்றத்தில் ஒரு பங்கு கேட்கத்தான் அத்தனை தூரம் போயிருந்தேன் போலும். அவன் தரவில்லை. மடை திறந்து கிடக்கிறது, அடைக்க வேண்டும் என்று வயலுக்குள் இறங்கிப் போனான்.