அசலூரம்மன் கோயிலில் முதல் கரண்டி

ஆடி மாதத்துக் கடைசி ஞாயிறு. காலை எட்டரை மணிக்குச் சென்ட்ரலில் ஆவடி மின்சார ரயிலுக்காகக் காத்திருந்தேன். வெயில் அப்போதே மண்டையைப் பிளந்தது. வெளியே தள்ளுவண்டியில் ஐஸ் போட்ட கரும்புச்சாறு ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தேன், இருபத்தைந்து ரூபாய். இந்தக் கரும்புச்சாற்றை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கும் அது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நான் கும்பகோணத்துக்காரன். எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் கோயில். கோபுரமும் தேரும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கோபுரமே இல்லாத ஒரு கிராமக் கோயிலையும் எழுதிப் பார்க்கலாமே என்ற பெருந்தன்மை வந்திருந்தது. மாம்பலத்தில் மைத்துனர் வீட்டில் தங்கியிருந்தேன். இரவு பத்து மணிக்கு ஊர் திரும்பப் பேருந்து. பகல் சும்மாதானே கிடக்கிறது என்று கிளம்பிவிட்டேன்.

அண்ணனூரில் இறங்கினேன். ரயில் டிக்கெட் ஒரு டீ விலைகூட இல்லை. ஸ்டேஷன் வாசலில் நின்ற ஆட்டோக்காரர் நூற்றிருபது கேட்டார், நான் எண்பது சொன்னேன், நூறு ரூபாய்க்குப் படிந்தது. கோயில் இரண்டரை கிலோமீட்டர். ஊரின் பெயரை வேண்டுமென்றேதான் விடுகிறேன். எழுதும் அருகதை எனக்கு இல்லை.

ஆட்டோக்காரர் பெயர் ஏழுமலை. நாற்பது வயது இருக்கும். மின்சார ரயில் பணிமனையின் நீளச் சுவரையொட்டி ஓட்டிக்கொண்டே கேட்டார்.

"இன்னா சார், கூழ் ஊத்தறதுக்கா? நீ அசலூரா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப சீக்கிரம் போலாம் சார். மொதோ கரண்டி அசலூரு ஆளுக்குத்தான். இன்னிக்கு நீதான் அம்மன்."

கதையையும் அவரே சொன்னார். ஒரு ஆடி மாதத்து உச்சிவேளையில், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் இந்த ஊருக்குள் வந்து வீடு வீடாகக் கூழ் கேட்டாளாம். எல்லாரும் முதலில் "எந்த ஊரு, யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டார்கள். விசாரித்து முடிவதற்குள் அவள் அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிட்டாள். கடைசி வீட்டில் மட்டும் ஒருத்தி எதுவும் கேட்காமல் ஊற்றினாள். குடித்துவிட்டு ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தவள்தான் அசலூரம்மன். அந்த வாரமே ஊர் முழுக்க அம்மை போட்டது, கடைசி வீட்டைத் தவிர. அதனால் இன்றைக்கும் அசலூர் ஆள் கூழ் குடித்து முடிக்கும்வரை அவரை யாரும் எந்த ஊர் என்று கேட்கக் கூடாது.

"கடைசி வீடு யாருடையது?" என்று கேட்டேன்.

"ஊருக்குள்ள கேட்டா தர்மகர்த்தா ஊடும்பாங்க. நீயே சொல்லு சார், ஊருக்குக் கடைசில யாரு கீறாங்க? காலனிதானே கீது?" சிரித்தார். "மூணு வருசமா சண்ட போட்டு இந்த வாட்டிதான், மொதோ பானை யாருதுன்னு எடுக்குற குலுக்கல்ல எங்க பேரையும் சேத்தாங்க. சேத்த மொதோ வருசமே மொதோ பானை எங்க மல்லிகாவுக்கு உழுந்துச்சு. எங்க அண்ணன் பொண்டாட்டி. ராத்திரி பூரா தூங்கல சார் அது."

ஒரு சவாரியை முடித்துவிட்டுக் கூழ் குடிக்க வருவதாகச் சொல்லி, என்னை வேப்பமரத்தடியில் இறக்கிவிட்டுப் போனார்.

பத்து மணி. கோயில் என்றால் ஓடு போட்ட ஓர் அறை, முன்னால் தகரப் பந்தல். மூன்று பக்கமும் மனைப் பிரிவுகள், அதற்கப்பால் ஒரு கிடங்கின் நீலக் கூரை. ஏரிக்கரை என்பது இப்போது பெயரளவுக்குத்தான். பம்பை முழங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் பூசிய பானைகள் வேப்பிலை கட்டி வரிசையாக நின்றன. ஊர்ப் பெண்கள் பந்தலுக்குள்ளும் காலனிப் பெண்கள் பந்தலின் ஓரத்திலும் நின்றார்கள். முதல் பானை மட்டும் நடுவில் தனியாக இருந்தது. அதன் பக்கத்தில் புதுப்புடவையின் மடிப்புக் கலையாமல் நின்ற பெண்தான் மல்லிகா என்று சொல்லாமலே தெரிந்தது.

என்னைக் கண்டதும் கூட்டம் வழிவிட்டது. யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் வாசலுக்கு வந்தவரை முதலில் எந்த ஊர் என்றுதான் கேட்போம். அந்தப் பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும், மீதியைத் தெருப் பெயர் சொல்லிவிடும். அப்படி எதுவும் கேட்கப்படாமல் நிற்பது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மல்லிகா ஒரு கரண்டி கேழ்வரகுக் கூழை மொண்டு, மோரும் சின்ன வெங்காயமும் கலந்து, பித்தளைச் சொம்பில் ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினார். பம்பை நின்றுவிட்டது. நான் வாங்கிக்கொண்டேன்.

வாங்கிக் குடித்திருக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். என்ன தண்ணீரோ, இரவு ஏழு மணி நேரப் பேருந்துப் பயணம் இருக்கிறதே என்று என் வயிறு சொன்னது, அல்லது வயிறுதான் சொன்னது என்று நம்பினேன். சொம்பை உதட்டருகே கொண்டுபோய்ப் பாவனை காட்டினேன். பம்பை மறுபடி முழங்க, குலவை எழுந்தது. அந்தச் சத்தத்தில் பந்தலை விட்டு மெல்ல நகர்ந்து, வேப்பமரத்தின் பின்னால் போய்க் கூழை வேரில் ஊற்றினேன்.

நிமிர்ந்தால் எதிரே தர்மகர்த்தா. ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு செல்போன். பெயர் தாமோதரன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"பரவால்ல சார், புரியுது. எங்களுக்கும் மனசுல அதான். வாயத் தொறந்து சொன்னா கேஸாயிடும்." என் தோளில் கைபோட்டார். பிறகு காலையிலிருந்து யாரும் கேட்காத அந்தக் கேள்வியைக் கேட்டார். "நீங்க எந்த ஊரு?"

சொன்னேன். "எந்தத் தெரு?" என்றார். அதையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

"அதானே பாத்தேன்," என்று எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லிவிட்டுப் பந்தலுக்குள் போய் உரக்கச் சொன்னார்: "அசலூரு ஆளு கூழக் கீழ ஊத்திட்டாரு. அம்மனே வேணாம்னுட்டா. அடுத்த பானைய எடுங்க. அடுத்த வருசம் குலுக்கல் பழையபடிதான்."

காலனிப் பெண்கள் பானைகளை மூடத் தொடங்கினார்கள். சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அப்போதுதான் கரும்புச்சாறு நினைவுக்கு வந்தது. ஐஸ் எந்தத் தண்ணீர் என்று வண்டிக்காரரை நான் கேட்கவில்லை. அவர் யார் என்பது எனக்குத் தெரியாது. மல்லிகா யார் என்பதை ஏழுமலை சொல்லியிருந்தார். வயிற்றின் மேல் பழி போடுவதற்கு அதன் பிறகு எனக்கு நாக்குக் கூசியது.

கூசிய அதே நாக்கோடு பந்தலுக்குள் ஓடினேன். "வயிறு சரியில்லை என்று பயந்துதான் ஊற்றினேன். வேறு எதுவும் இல்லை. இப்போது கொடுங்கள், எல்லார் முன்னாலும் குடிக்கிறேன்," என்றேன். பாதி பொய். மல்லிகா பானையின் வாயைத் தட்டால் மூடிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தாகத்துக்குக் கேட்டா ஊத்தலாம் சார். நீ வெக்கத்துக்குக் கேக்குற. அதுக்கு எங்கூட்டுக் கூழ் இல்ல."

பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தார். காலனிப் பெண்கள் தங்கள் பானைகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். நாற்காலி எனக்காகக் காலியாகக் காத்திருந்தது. அதில் உட்காராமல் வந்தேன் என்பதைத் தவிரப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை.

மெயின் ரோடு முனையில் ஏழுமலையின் ஆட்டோ எதிரே வந்தது. கோயிலுக்குத்தான் வந்துகொண்டிருந்தார்.

"இன்னா சார் அதுக்குள்ள? குந்து, உன்ன ஸ்டேசன்ல உட்டுட்டு வந்து கூழ் குடிக்கிறேன்."

வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். நான் உம் கொட்டினேன். அண்ணனூரில் இறங்கியபோது திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"எங்க மல்லிகா கூழ் குடிச்சியா சார்?"

"குடிச்சேன்."

இறங்கி வந்து, உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்தார். "எங்க பானைல மொதோ கரண்டி வாங்குன கை சார் இது," என்று சொல்லிக் கண்களில் ஒற்றிக்கொண்டார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. காசும் வாங்காமல் வண்டியைத் திருப்பினார்.

கோயில் இரண்டரை கிலோமீட்டர்தான், போய்ச் சேர்ந்ததும் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். ரயில் வர இருபது நிமிடம் இருந்தது. நடைமேடையின் கடைசிவரை போய் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். ஆட்டோச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். அவர் வரவில்லை. வந்து நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.