சப்காவில் விட்டுவந்த வண்டி

எழுபதுகளின் நடுவில், அபுதாபிக்கு மேற்கே, பாலைவனத்துக்குள் எண்ணெய்க் குழாய் பதித்துக்கொண்டிருந்த ஒரு கேம்ப் பக்கம் நடந்தது இது. அப்போது அந்த வட்டாரத்தில் இருந்த நம் ஆட்களில், நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டியைச் சொந்தமாக வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ராமநாதபுரம் ஜில்லாவில் மழை எட்டிப் பார்க்காத ஒரு ஊர். வெல்டருக்கு எடுபிடியாக வளைகுடாவுக்குப் போனேன். வெல்டிங்கும் கற்றேன், வண்டியும் ஓட்டக் கற்றேன், அரபியும் பேசக் கற்றேன். எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. கம்பெனி ஒன்று பழைய வண்டிகளை ஏலம் விட்டபோது, கையில் இருந்ததையெல்லாம் போட்டு ஒன்றை எடுத்தேன். காகிதத்தில் கஃபீல், அதாவது எனக்கு விசா கொடுத்த அரபி முதலாளி, பெயர் இருந்தது. சாவி என்னிடம் இருந்தது. டவுனில் இருந்து கேம்ப்களுக்குக் காய்கறி, அரிசி, தண்ணீர் கொண்டுபோய்ப் போடுவது என் தொழில். பின்னாளில் நான் நடத்திய டிரான்ஸ்போர்ட் கம்பெனிக்கு விதை அந்த ஒற்றை வண்டிதான்.

அது இங்கிலாந்து வண்டி. பெயர் சொல்ல வேண்டாம், அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். எண்ணெய் தேடி வந்த வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய வண்டி. பட்டாளம் வைத்திருந்தது, ஷேக்குகள் வைத்திருந்தார்கள். ஒட்டகத்தில் இருந்து இறங்கிய பதூ ஆட்கள், அதாவது பாலைவன நாடோடிகள், முதன்முதலில் ஏறி உட்கார்ந்தது அதில்தான். உடம்பு அலுமினியம், துருவே பிடிக்காது. பானெட் மேல் ஸ்டெப்னி படுத்திருக்கும். அதுதான் எனக்கு டீ மேஜை. ஏசி எல்லாம் கிடையாது. முன் கண்ணாடிக்குக் கீழே இரண்டு தகரக் கதவு இருக்கும், திறந்தால் காற்று வரும், காற்றோடு பாதிப் பாலைவனமும் வரும். மஞ்சள் குமிழை அழுத்தினால் நான்கு சக்கரமும் பிடிக்கும், சிவப்புக் குமிழை இழுத்தால் யானை மாதிரி மெதுவாக ஏறும். என்னைத் தவிர யாரையும் அந்த ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை. முன் பம்பரில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டியிருப்பேன். வெள்ளிக்கிழமைதோறும் புதுசு மாற்றுவேன்.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதூக்கள் ஒவ்வொருவராக ஜப்பான் பிக்கப்புக்கு மாறினார்கள். எங்கள் கேம்புக்கு ஆடு விற்கிற ஒருவர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். சப்கா என்கிற உப்புத் தரையின் ஓரத்தில் அவருடைய கூடாரம். முதலில் அவரிடமும் என்னுடையதைப் போன்ற வண்டிதான் இருந்தது. அதை விற்றுவிட்டு ஜப்பான் பிக்கப் வாங்கினார். எங்கே பார்த்தாலும் நான் அதன் கதவைத் தட்டி, "என்ன சதீக், பிஸ்கட் டின்னா?" என்று அரபியில் கேட்பேன். சதீக் என்றால் நண்பன். அவர் சிரித்துவிட்டு, என் வண்டிக்கு அடியில் மணலில் சொட்டியிருக்கிற ஆயிலைக் காலால் காட்டுவார். இது எங்களுக்குள் வழக்கம்.

அன்றைக்குக் காலையில் நான் ரேஷன் இறக்கிக்கொண்டிருந்தேன். மாசி மாதம். முந்தின வாரம் நல்ல மழை. ஷட்டரிங் வேலை பார்க்கிற எங்கள் ஊர்ப்பக்கத்துப் பையன், கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாதவன், ப்ளைவுட் பலகையைத் தூக்கும்போது அடியில் கிடந்த விரியன் கையில் போட்டுவிட்டது. கேம்ப்பில் டாக்டர் கிடையாது. கம்பெனி வண்டி டவுனுக்குப் போயிருந்தது. மிச்சம் இருந்தது என் வண்டி. துண்டைக் கிழித்துக் கையைக் கட்டி அவனை ஏற்றினோம். பிடித்துக்கொள்ள கேம்ப் சமையல்காரர் கூட வந்தார். புதுக்கோட்டைக்காரர், வாய் ஓயாதவர்.

பையன் பம்பரைப் பார்த்துவிட்டு, "அந்த எலுமிச்சம்பழத்த எனக்குக் கட்டியிருக்கலாம்ணே" என்றான். அப்போது அவனுக்குச் சிரிக்கத் தெம்பு இருந்தது.

தார்ச்சாலைக்குப் போக இரண்டு வழி. ஒன்று கல்லுப் பாதை, மேட்டைச் சுற்றிக்கொண்டு போகும், முதுகெலும்பை எண்ணிக் கையில் கொடுக்கும். இன்னொன்று நேராக சப்காவுக்குள். கடலோரம் படிந்து கிடக்கிற உப்புத் தரையைத்தான் சப்கா என்பார்கள். பார்க்க வெள்ளையாக, வெடித்து, காய்ந்து, கண்ணுக்கு எட்டின மட்டும் மேஜை மாதிரி கிடக்கும்.

"அண்ணே, கல்லுப் பாதையிலயே போயிருவோம்ணே" என்றார் சமையல்காரர்.

"யோவ், தூக்கித் தூக்கிப் போட்டா விஷம் சீக்கிரம் ஏறும்யா. இதுல போனா பாதி நேரம்."

"மழை பேஞ்சிருக்கே?"

"தரைய பாருய்யா, எப்படி வெடிச்சிருக்கு! சித்திரை மாசக் கண்மாயில நெல்லு லாரி போறத பாத்து வளந்தவன்யா நான்."

சொன்னது நிஜம். எங்கள் ஊர்க் கண்மாய் அப்படி வெடித்துக் கிடந்தால் ஆள் ஆழத்துக்கு ஈரம் இருக்காது. லாரி போகலாம், கல்யாணப் பந்தலே போடலாம். வெடித்த தரை கெட்டித்தரை. எங்கள் பக்கத்தில் பிறந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் சப்கா காய்வது மேலே ஓர் அப்பளம் அளவுக்குத்தான். அடியில் கடல் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். எங்கள் ஊர்க் கண்மாய்க்கு அடியில் கடல் இல்லை.

பாதி தூரம் ஜோராகப் போனோம். பிறகு அப்பளம் உடைந்தது. மஞ்சள் குமிழை அழுத்தினேன், சிவப்புக் குமிழை இழுத்தேன். நான்கு சக்கரமும் சேர்ந்து சுற்றி, நான்கு குழியைச் சேர்ந்து தோண்டின. சாம்பல் நிறச் சேறு, அழுகின முட்டை நாற்றம். இறங்கித் தோண்டினோம், ஒரு சீட்டைப் பிடுங்கி டயருக்கு அடியில் கொடுத்தோம், அது உள்ளே போய்விட்டது. அச்சு தரையில் உட்கார்ந்துவிட்டது. பையனுக்குக் கை தோள் வரைக்கும் வீங்கி, பல் ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. பேச்சு நின்றுவிட்டது.

அந்த நேரத்தில்தான் ஓரத்துக் கெட்டித்தரையில் ஒரு பிக்கப் வந்து நின்றது. பிஸ்கட் டின். கேம்புக்கு ஆடு ஏற்றிக்கொண்டு வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டார்.

அவர் வண்டியை உள்ளே விடவில்லை. இறங்கி, காலால் தரையைத் தட்டித் தட்டிப் பார்த்து நடந்து வந்தார். வந்து சேர்ந்ததும், "சலாம் அலைக்கும்" என்றார். பிறகு, நாங்கள் டீக்கடையில் சந்தித்த மாதிரி, "ஷு உலூம்?" என்றார். என்ன செய்தி என்று அர்த்தம். பதூ ஆட்கள் யாரைக் கண்டாலும் முதலில் செய்தி கேட்க வேண்டும், மற்றவர் சொல்ல வேண்டும். அது அவர்கள் முறை.

"செய்தியா? கண்ணு தெரியலையா? கயிறு கொண்டுவந்து இழு, யல்லா, சீக்கிரம்!" என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. உள்ளே எட்டிப் பையனைப் பார்த்தார். கைக்கட்டைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, "நஃபர் அவ்வல், சையாரா பாதேன்" என்றார். ஆள் முதலில், வண்டி பிறகு. தன் வண்டியையும் இதற்குள் விட்டால் இரண்டு வண்டியும் போகும், ஆளும் போவான் என்றார்.

எனக்கு மனம் வரவில்லை. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நிஜம். வண்டியை இங்கே போட்டுவிட்டுப் போனால் அது இன்னும் அமிழும், இல்லாவிட்டால் எவனாவது கழற்றிக்கொண்டு போவான். நீண்ட கயிறு இருக்கிறதா, ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்க்கலாமா என்று கேட்டுக்கொண்டே நின்றேன்.

"அண்ணே, வெசம் ஏறுறது ஒங்க வண்டிக்கு இல்ல, பயலுக்கு!" என்றார் சமையல்காரர்.

பையனை முதுகில் தூக்கிக்கொண்டேன். ஆட்டுக்காரர் முன்னால் போக, அவர் கால் பதிந்த இடத்திலேயே கால் வைத்துக் கெட்டித்தரைக்கு வந்தோம். வந்ததும் அவர் செய்த காரியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஆடுகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிவிட்டு, தன் பிக்கப் சாவியை என் கையில் வைத்தார்.

"நீ ஓட்டு. உனக்கு டவுன் தெரியும், ஆஸ்பத்திரி தெரியும், அவர்களோடு பேசத் தெரியும். எனக்கு எதுவும் தெரியாது."

"அப்போ நீங்க?"

"உன் வண்டி கிடக்கிறதே."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு ஆள்காட்டி விரலால் தன் மூக்கைத் தொட்டு, "அலா கஷ்மி" என்றார். என் மூக்கின் மேல் ஆணை, நான் பொறுப்பு என்று அர்த்தம். நான் என் வண்டிச் சாவியை எடுத்துக் கொடுத்தேன். என்னைத் தவிர யார் கையிலும் போகாத சாவி அது.

அந்த ஜப்பான் வண்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டுப்புழுக்கை நாற்றம்தான். ஆனால் அந்தக் கல்லுப் பாதையில் அது ஓடின ஓட்டம் என் வண்டி ஒருநாளும் ஓடினதில்லை. இன்ஜின் சூடு ஏறவில்லை, கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. அந்த நிலைமையிலும் இதையெல்லாம் கவனித்தேன். வண்டிக்காரன் புத்தி.

ஆஸ்பத்திரியில் விஷமுறிவு ஊசி போட்டார்கள், ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கொண்டுவந்திருக்கவே வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். பையன் பிழைத்தான். இரண்டு விரல் மட்டும் பிறகு சரியாக மடங்கவில்லை. சமையல்காரரை அவனோடு விட்டுவிட்டு, அவன் கண் திறந்த மறுநாள் நான் திரும்பினேன். வழியெல்லாம் என் நினைப்பு வண்டி மேல்தான். கூரை மட்டும் வெளியே தெரிகிற மாதிரியே கண்ணுக்குள் வந்தது.

சப்காவில் வண்டி இல்லை. நான்கு குழியும் பேரீச்ச ஓலைத் துண்டுகளும் கிடந்தன. கூடாரத்துக்கு ஓட்டினேன். அங்கே நின்றது, மேட்டு நிலத்தில், காற்றுக்கு மறைவாக. சொந்தக்காரர்களைத் திரட்டி, ஓலைப்பாய் விரித்து, கயிறு போட்டு நாள் முழுக்க இழுத்திருக்கிறார்கள்.

நான் அதைச் சுற்றி வந்தேன். திரும்பவும் சுற்றினேன். கதவைத் திறந்து பார்த்தேன், ஸ்பேனர் பை இருக்கிறதா என்று டிரைவர் சீட்டுக்கு அடியில் கைவிட்டேன். எல்லாம் இருந்தது. குனிந்து அடியில் பார்த்தேன். ஒரு பொட்டு உப்பு இல்லை. மேலே அலுமினியம், ஆனால் அடிச்சட்டம் இரும்பு; உப்பை விட்டால் ஒரே வருஷத்தில் தின்றுவிடும். முன்பு அதே வண்டி வைத்திருந்தவர் அல்லவா, அவருக்கு அது தெரியும். குடிக்க வைத்திருந்த தண்ணீரில் கழுவியிருக்கிறார். நல்ல தண்ணீர் டேங்கர் அந்தப் பக்கம் எப்போது வரும் என்று எனக்குத்தான் தெரியுமே, நான்தான் அந்தத் தொழில் செய்கிறவன்.

முன்னால் வந்தபோது பம்பரில் எலுமிச்சம்பழ மாலை இல்லை. அதே இடத்தில் கருகருவென்று வேறொன்று தொங்கியது. லூமி. ஓமான் பக்கம் உப்புநீரில் வேகவைத்துக் காயவைக்கிற கருப்பு எலுமிச்சை, இறைச்சிக் குழம்பில் போடுவார்கள். ஆட்டு ரோமக் கயிற்றில் வரிசையாகக் கோத்துக் கட்டியிருந்தது.

அதுவரை கூடார வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டுக்காரர் பக்கத்தில் வந்தார். முதலில், "ஷு உலூம்?" என்றார். இந்தத் தடவை நான் முறைப்படி நின்று செய்தி சொன்னேன். பையன் பிழைத்தான், நல்ல செய்தி, கெட்ட செய்தி இல்லை என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அதன் பிறகுதான் பம்பரைக் காட்டினார். அப்போது அவர் முகத்தில் ஒரு சங்கடம்.

"உன் பச்சை எலுமிச்சையையும் மிளகாயையும் என் ஆடு தின்றுவிட்டது. என் பொறுப்பில் இருந்த பொருள். இங்கே பச்சை எலுமிச்சை மாஃபி, கிடையாது. அதனால் இது. பழத்துக்குப் பழம் சரியாகக் கட்டியிருக்கிறேன், எண்ணிப் பார்த்துக்கொள்."

"அது திருஷ்டிக்குக் கட்டுறது, சதீக். காய்ஞ்சா நாங்களே தூக்கிப் போட்டுடுவோம்."

"அது எனக்குத் தெரியாதே. நீ விட்டுப்போனபோது இருந்தது."

பணம் கொடுக்கப் போனேன். கையை ஒதுக்கிவிட்டார். காப்பி ஊற்றினார், பேரீச்சம்பழம் வைத்தார். "பிஸ்கட் டின் எப்படி?" என்று கேட்டார். "பரவாயில்லை" என்றேன். அவர் சிரித்தார், கூடாரத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

சில வருஷத்தில் நானும் ஜப்பான் வண்டி வாங்கினேன். வளைகுடாவே அப்படித்தான் மாறியது. இங்கிலாந்து வண்டியை விற்றபோது லூமி மாலையை மட்டும் அவிழ்த்துக்கொண்டேன். அது அழுகுகிற சாமான் இல்லை. இன்றும் என் ஷெட்டில் ஆணியில் தொங்குகிறது. பிற்பாடு எத்தனையோ வண்டிகள் வாங்கினேன், விற்றேன், எத்தனையோ டிரைவர்களை வேலைக்கு வைத்தேன். வண்டி திரும்பி வந்தால் கீறல் இருக்கிறதா என்று முதலில் சுற்றிப் பார்க்கிற பழக்கம் இன்னும் என்னை விடவில்லை.

ஆனால் அப்படிச் சுற்றும்போதெல்லாம் ஒன்று நினைவுக்கு வந்து காலைப் பிடிக்கும். அன்றைக்கு நான் என் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இத்தனை நாள் கழித்து நான் கொண்டுவந்து நிறுத்திய தன் பிக்கப்பை ஆட்டுக்காரர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நான் இன்னும் அவர் பக்கத்தில் நிற்கிற அளவுக்குப் பெரிய ஆளாகவில்லை.