குளவி இருந்த நிரை

“…மறு கன்னத்தைக் காட்டுன்னு சொல்றது லேசு. சொன்னவருக்கு நிரை கெடையாதுல்ல,” என்றாள் அக்கா.

முந்தின நாள் ஜெபக்கூட்டம் தோட்ட லயத்திலிருந்த எங்கள் வீட்டில்தான் நடந்தது. அந்த வசனத்தை வாசித்தவள் நான்.

“வாசிச்ச எனக்கு நிரை இருக்குதே அக்கா.”

“இருக்கு. ஒன் நிரையில யாரும் பூரலியே.”

காலையில் கங்காணி ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பார். அந்த வரிசைத் தேயிலைச் செடிகளின் கொழுந்து அன்று முழுக்க அவளுடையது. அடுத்தவள் அதில் கை வைப்பதை எங்கள் மலையில் யாரும் மன்னிப்பதில்லை. சாயந்தர நிறுவையில் எடை குறைந்தால் அரைநாள் சம்பளம்தான்.

அன்று அக்காவின் நிரையில் பக்கத்து நிரைக்காரி புகுந்து, நல்ல கொழுந்தாகப் பார்த்துப் பறித்திருந்தாள். அவளுடைய சொந்த நிரையில், நிழல்மரத்தடியில் குளவிக்கூடு. போன வருசம் கொட்டு வாங்கி டிக்கோயா ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தவள் அவள். உள்ளே போகப் பயம். வீட்டுக்குப் போனால் சம்பளம் இல்லை.

“கேட்டுட்டு எடுத்திருக்கலாம்ல? கேக்காம எடுத்தா களவு,” என்றாள் அக்கா அவளிடம்.

அவள் கூடையைப் பார்த்தபடியே, “கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களாக்கா?” என்றாள்.

அக்கா தலையில் கூடைக் கயிற்றைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, “குடுத்திருக்க மாட்டேன்,” என்றாள்.

முந்தின நாள் ஜெபத்தில் பாயில் உட்கார்ந்து நாங்கள் எல்லாரும் ஆமென் சொன்னோம். சிலுவையைச் சுமப்பதென்றால் பெரிய வெள்ளிக்கிழமை ஊர்வலத்தில் சுமப்பதுதான் என் மனதில் இருந்தது. அதில் யாருடைய கொழுந்தும் குறைவதில்லை.

சத்தம் கேட்டுக் கங்காணி ஏறி வந்தார். “என்ன தகராறு?”

அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெண்ணை அப்போதே வேலையிலிருந்து இறக்கிவிடுவார். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் என் நிரையில் குனிந்து கொழுந்தைக் கிள்ளினேன். எனக்கும் அந்தக் கங்காணியிடம் பயம்தான்.

“தகராறு எல்லாம் இல்லீங்க,” என்றாள் அக்கா. “அந்த நிரையில குளவி இருக்கு, யாரையும் விடாதீங்க. இவ என் நிரையிலயே எடுக்கட்டும்.”

“ரெண்டு பேருக்கும் பத்தாதே?”

“பத்தாதுதாங்க.”

அவர் தலையைச் சொறிந்துகொண்டு இறங்கிப் போனார். அக்கா அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள்.

“வலப்பக்கம் ஒனக்கு. இந்தப் பக்கம் கைய நீட்டுன, ஒடிச்சிருவேன்.”

சொல்லிவிட்டு, நிரையின் இடது ஓரமாக ஒதுங்கி நின்று கொழுந்தைக் கிள்ள ஆரம்பித்தாள்.