சனிக்கிழமைக்குப் பத்துப் பேர்

விளையாட்டு ரீம் ஒண்டுக்குக் கோச்சா இருக்கிறவன்ர வேலை முக்கால்வாசி தலை எண்ணுறதுதான். மிச்சத்துக்குக் குரல் இருந்தாப் போதும். வந்த நாட்டில தெரியாத வேலைக்கு "ஓம், செய்வன்" எண்டு சொல்லிப்போட்டு, பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அது என்ன வேலையெண்டு தேடின ஆக்கள் உங்களில கனபேர் இருப்பியள். உங்களுக்கு நான் கூட விளங்கப்படுத்தத் தேவையில்லை. எழுபதுகளில மெல்பேணில ஒரு பெடியள் போர்டிங் பள்ளிக்கூடத்தில நான் இரசாயன ஆய்வுகூட உதவியாளர். சோதனைக் குழாய் கழுவ வந்தவன் லாக்ரோஸ் கோச்சான கதைதான் இது.

அண்ணன் அத்தாங்கு

முந்தின கோச் குயின்ஸ்லாந்துக்கு மாறிப் போயிட்டார். மற்ற மாஸ்ரர்மார் எல்லாருக்கும் சனிக்கிழமையில ஏதோவொரு அலுவல் இருந்தது. எனக்கு இல்லையெண்டது அதிபருக்கு எப்பிடியோ தெரிஞ்சுபோச்சு. கூப்பிட்டு, மேசையில ஒரு தடியைத் தூக்கி வைச்சார். நீளத் தடி, நுனியில வளைச்ச சட்டம், சட்டத்துக்குள்ள தோல்வாரில பின்னின வலை. எங்கட பக்கம் களப்பில இறால் அள்ளுற அத்தாங்குக்கு அண்ணன் மாதிரி. "இதால என்ன பிடிக்கிறது?" எண்டு கேட்டன். "பந்து" எண்டார். ஒரு பக்கத்துக்குப் பத்துப் பேர். வலையால பந்தைப் பிடிச்சு, ஓடி, எறிஞ்சு கோல் போடவேணும்.

அதோட ஒரு நிபந்தனையும் சொன்னார். போன வருசம் பத்துப் பேர் சேராமல் ரெண்டு மட்ச் விட்டுக் குடுத்தாச்சு. இந்த முறை ஒரு சனிக்கிழமை பத்துப் பேர் இறங்காட்டியும் லாக்ரோஸ் முடிஞ்சுது, அந்தத் தரை புட்போலுக்குப் போகும். நான் உள்ளதைச் சொன்னன்: சேர், நான் இந்த விளையாட்டைக் கண்ணாலயும் கண்டதில்லை.

"நல்லதாப் போச்சு. முந்தினவருக்கு எல்லாம் தெரியும், அவரிட்ட எட்டுப் பேர்தான் இருந்தவை."

படிச்ச கோச்

நான் படிச்சது முழுக்க இரவுப் பள்ளிக்கூடத்தில. கொழும்பில பகலில வேலை, பின்னேரம் வகுப்பு. இங்க வந்தும் கிழமையில ரெண்டு நாள் அதேதான். வாத்தியார் வராட்டிலும் புத்தகத்தை வைச்சுச் சமாளிக்கிற பழக்கம் அப்பிடி வந்தது. லாக்ரோஸ் சட்டப் புத்தகம் சின்னன். ரெண்டு பின்னேரத்தில முடிச்சு, சிவப்புப் பேனையால கோடும் போட்டன்.

முதல் நாள் பதின்மூண்டு பெடியள் வந்து வரிசையா நிண்டாங்கள். கப்டன் கிறேம், மூக்குக் கண்ணாடியோட, என்ர தோளுக்குத்தான் வருவான். புட்போலில அவனை எடுக்க மாட்டினம், கிரிக்கெட்டில கேக்கவே மாட்டினம். அவனுக்கு அது கடைசி வருசம், அந்தப் பள்ளிக்கூடத்தில அவனுக்கெண்டு இருந்தது இந்த ரீம் ஒண்டுதான். லாக்ரோஸ் நிண்டுபோனா எனக்கு என்ர சனிக்கிழமை திரும்பி வரும். அவனுக்கு ஒண்டும் வராது. "உங்களுக்கு எறியத் தெரியும், எனக்குச் சட்டம் தெரியும், ரெண்டையும் சேப்பம்" எண்டன். தலையாட்டினாங்கள். அதோட நிப்பாட்டியிருக்கலாம். பந்து பிடிக்கிறது எப்பிடியெண்டு காட்டுறனெண்டு தடியைத் தூக்கினன். பந்து வலைக்கு மேலால வந்து நெஞ்சில விழுந்தது. ரப்பர்தான், ஆனா கல்லுமாதிரி ரப்பர். ஒருத்தனும் சிரிக்கேல்லை. கிறேம்தான் பந்தை எடுத்துத் தந்து மெல்லமாச் சொன்னான்.

"சேர், நீங்கள் நல்லா விளங்கப்படுத்துறியள். தயவுசெய்து செய்து மட்டும் காட்டாதேங்கோ."

கிட்ட நிக்கிறவனுக்கு

சட்டப் புத்தகத்தில நான் ரெண்டு தரம் கோடு போட்ட ஒரு விசயம் இருந்தது. கோலுக்கு எறிஞ்ச பந்து தவறி வெளியில போனா, கடைசியா ஆர் தொட்டது எண்டு பாக்கிறதில்லை. பந்து கோட்டைத் தாண்டேக்க ஆர் கிட்ட நிக்கிறானோ, அவன்ர பக்கத்துக்குத்தான் பந்து. எல்லாருக்கும் தெரிஞ்ச சட்டம்தான், ஆனா ஒருத்தரும் அதை நம்பிப் பிழைப்பு நடத்தினதில்லை.

எங்களிட்ட ரோஜர் எண்டொரு பெடியன் இருந்தான், செம்மறிப் பண்ணைக்காரற்ற மகன். எறியவும் தெரியாது, பிடிக்கவும் தெரியாது, ஓடுவான். "எங்கட ஆள் கையை ஓங்கின உடன நீ கோலைப் பாக்காத. பின்னுக்கு, கோட்டடிக்கு ஓடு" எண்டு மட்டும் சொல்லி வைச்சன். முதல் மட்ச்சில எங்கட ஆக்கள் தொடர்ந்து ஒன்பது தரம் கோலைத் தவறவிட்டாங்கள். ஒன்பது தரமும் ரோஜர் பந்தைத் திருப்பிக் கொண்டந்தான். பத்தாவது உள்ள போச்சு. பந்து எங்க போகுமெண்டு உனக்கு எப்பிடித் தெரியுமெண்டு கேட்டதுக்கு, "ஆடு எங்க ஓடுமெண்டு ஆட்டுக்கு முதல் எங்களுக்குத் தெரியவேணும், சேர்" எண்டான். அண்டைக்கு வெண்டம். கை குடுக்க வந்த மற்றப் பக்கத்துக் கோச் வயசான மனிசன், என்ர கையை விடாமல் நிண்டு சொன்னது:

"முப்பது வருசமா இந்த விளையாட்டில நிக்கிறன். தவறப்போகுதெண்டு முதலே ஆள் போட்டு வைச்ச ரீமை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

நூற்றெட்டு

வெல்லத் தொடங்கினம், ஆனா தலைகள் குறையத் தொடங்கிச்சு. ஒருத்தன் தோளெலும்பை உடைச்சுக்கொண்டான். இன்னொருத்தன்ர தகப்பனுக்கு இங்கிலாந்தில வேலை கிடைச்சுது. மிச்சம் பதினொண்டு. வெள்ளிக்கிழமை பின்னேரமெண்டா நான் வீட்டுக்குப் போகமுதல் நோயாளி அறைக்கு ஒருக்கா எட்டிப் பாப்பன். அந்த அறைக்குப் பொறுப்பான மேற்றன் மிஸிஸ் டொய்ல் வைச்சதுதான் அங்க சட்டம்: வெள்ளிக்கிழமை கட்டிலில படுத்தவன் ஞாயிற்றுக்கிழமைதான் எழும்பலாம்.

ஒரு வெள்ளி ஒரே நாளில ரெண்டு கட்டில் எங்கட பெடியளால நிரம்பியிருந்தது. ஒருத்தனுக்கு உண்மையான தடிமன், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. மற்றவன் கோல் காவல்காரன் நீல், போர்வையைக் கழுத்துமட்டும் இழுத்துவிட்டு முனகிக்கொண்டு கிடந்தான். அண்டைக்குக் கேத்திரகணிதச் சோதனை. மேற்றன் பழைய பாரன்ஹைட் தேர்மாமீற்றரைக் காட்டினா. நூற்றெட்டு. நான் நாள் முழுக்க வெப்பமானியோட பிழைக்கிறவன். "மிஸிஸ் டொய்ல், இது பெடியன்ர சூடெண்டா நாங்கள் ரெண்டு பேரும் இப்ப பாதிரியாருக்கெல்லோ ஆளனுப்பியிருக்கவேணும்?" எண்டன். அவ கட்டிலுக்குப் பக்கத்தில ஆவி பறந்துகொண்டிருந்த தேத்தண்ணிக் கோப்பையைப் பாத்தா. பிறகு நீலைப் பாத்தா. நீல் முனகுறதை நிப்பாட்டினான்.

"கூட்டிக்கொண்டு போங்கோ. நாளைக்குக் குளிருக்குள்ள கோலில நிக்கிறதுதான் இவனுக்குத் தண்டனையெண்டு நான் எழுதி வைக்கிறன்."

வாங்கு

எங்கட தரைக்கும் புட்போல் தரைக்கும் இடையில இடுப்பளவு வேலி. ஹோகன் எண்ட புட்போல் மாஸ்ரர் அந்த வேலியில சாய்ஞ்சுகொண்டு ரோஜர் ஓடுறதை ரெண்டு சனிக்கிழமை பாத்தார். மூண்டாம் கிழமை ரோஜர் ஆய்வுகூடத்துக்கு வந்து, காது சிவக்க நிண்டான். புட்போல் முதல் ரீமில கேட்டிருக்கினமாம். அந்தப் பள்ளிக்கூடத்தில முதல் ரீமெண்டா சனிக்கிழமை காலமை இறைச்சியும் முட்டையும் தனி மேசையில. அந்த வயசில நானும் போயிருப்பன். "போ" எண்டன்.

பிறகு பாத்தா, அந்த நாட்டுப் புட்போலில ஓடுறது பதினெட்டுப் பேர், ஆருக்கும் காயம் பட்டா இறங்கவெண்டு கோட்டுக்கு வெளியில மர வாங்கில குந்தியிருக்கிறது ரெண்டு பேர். ரோஜர் இருபதாவது. கிழமைக்குக் கிழமை முழங்காலில கம்பளியைப் போட்டுக்கொண்டு அந்த வாங்கிலயே இருந்தான். எங்கட பக்கம் பந்து வெளியில போற நேரமெல்லாம் பாதி எழும்புவான், பிறகு குந்துவான். மிச்சம் சரியாப் பத்துப் பேரோட நான் ஹோகனிட்டப் போய், பெடியனை ஒரு நாளாவது இறக்குவியளோ எண்டு கேட்டன்.

"என்ர ரீமில குந்தியிருக்கிறது உங்கட ரீமில ஓடுறதை விட மேல், மேட்."

இருபதாவது ஆள்

கடைசிச் சனிக்கிழமை. எங்கட தரையில மட்ச், பக்கத்துத் தரையில புட்போல். காலமை மேற்றன் தானே நடந்து வந்தா. எங்கட பின்வரிசைப் பெடியன் ஒருத்தனுக்குக் கூகைக்கட்டு. கன்னம் ரெண்டும் வீங்கி, முகம் பூசணிக்காய் மாதிரி. "இது தேத்தண்ணிக் கோப்பை இல்லை" எண்டா. ஒன்பது பேர். அம்பயர் நல்ல மனிசன். முதல் கால்பகுதி முடியிறதுக்குள்ள பத்தாவது ஆள் வந்தாச் சரி, இல்லாட்டி மட்ச் மற்றப் பக்கத்துக்கு எண்டார். அதிபர் குடையோட கோட்டடியில நிண்டார். அவர் விளையாட்டைப் பாக்கேல்லை, தலையை எண்ணிக்கொண்டிருந்தார். கிறேம் ஓடி வந்து, "சேர், இதுக்குப் புத்தகத்தில ஏதும் சட்டம் இருக்கோ?" எண்டான். "இருக்கு. பத்துப் பேர் வேணுமெண்டு" எண்டு சொல்லிப்போட்டு, மிச்சமாக் கிடந்த தடியை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டினன். நாப்பது வயசில அது வடிவாயிருந்திருக்காது.

வாங்கில போய் ரோஜருக்குப் பக்கத்தில இருந்தன். தடியை ரெண்டு பேருக்கும் நடுவில வைச்சன். ஹோகன் வந்தார்.

"என்ன செய்யிறீர்? அவன் என்ர இருபதாவது ஆள்."

"ஓம். உங்களுக்கு இருபதாவது. எனக்குப் பத்தாவது."

ஹோகன் திரும்பித் தன்ர தரையைப் பாத்தார். அவற்ற ரீம் எட்டுக் கோல் முன்னுக்கு நிண்டது. பிறகு ரோஜரிட்டச் சொன்னார், "போனியெண்டா இந்த வாங்கில திரும்பி இடம் கேட்டு வராத." அது வெருட்டு இல்லை, அவர் சொன்னாச் சொன்னதுதான். ரோஜர் தடியைப் பாத்தான், என்னைப் பாத்தான். "அங்க எனக்கு ஓட இடமிருக்கோ சேர், இல்லாட்டி அங்கயும் குந்தவோ?" எண்டான்.

"எங்களிட்ட வாங்கே இல்லையடா" எண்டன்.

கம்பளி நிலத்தில விழ முதல் அவன் வேலிக்கு அங்கால நிண்டான்.

அம்பயர் மணிக்கூட்டைப் பாத்து விசிலை வாயில வைக்கேக்க ரோஜர் கோட்டுக்குள்ள காலை வைச்சான். மட்ச்சில தோத்தம், பதினொண்டுக்கு நாலு. அந்த நாலும் தவறின பந்தை அவன் திருப்பிக் கொண்டந்து கிடைச்சது. கடைசிக் கோல் கிறேம் போட்டது, கண்ணாடி ஒரு பக்கம் கழண்டு தொங்கத் தொங்க. முடிஞ்சாப்பிறகு அதிபர் சேத்துக்குள்ளால நடந்து வந்தார். குடை நுனியால ஒவ்வொருத்தனாத் தொட்டு எண்ணினார். நம்பிக்கை வராமல் திரும்பவும் எண்ணினார்.

"பத்து. ஒருத்தன் புட்போல் கழிசானோட நிக்கிறான். ஆனா பத்து."

அதுக்குப் பிறகும் கனகாலம் அங்க லாக்ரோஸ் நடந்தது, நான்தான் கோச். பந்து பிடிக்க எனக்கு இண்டைக்கும் தெரியாது, ஆனா பத்து மட்டும் பிழையில்லாமல் எண்ணுவன்.